ரோஸ்ட்ஃப்ரை துரையின் கத்தி

ஜாலான் டத்தோ கெராமாட்,
ஜார்ஜ்டவுன்.
10 மார்ச் 2025

தம்பி நாதனுக்கு,

அக்கா கேத்தரின் எழுதிக்கொள்வது. கையெழுத்தைப் பார்த்ததும் உறையோடு கிழித்துப் போட்டுவிடாதே. உள்ளே நல்ல செய்தி இருக்கிறது. நம் லினெட்டுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. ஜூன் 14, சனிக்கிழமை. மாப்பிள்ளை ரயன், பாயான் லெப்பாஸில் ஒரு ஜெர்மன் தொழிற்சாலையில் இஞ்சினியர். நல்ல பையன். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுகிறான். உன் அத்தான் அதைப் பார்த்து, "இவன் நம்மளக் கெடுத்துருவான்லாஹ்" என்று முணுமுணுத்தார்.

தாய்மாமன் இல்லாமல் நம் வீட்டில் கல்யாணம் நடந்ததில்லை. லினெட் தினமும் கேட்கிறாள். அத்தானோ ஒரே பிடியாக இருக்கிறார். "அவன் ரோஸ்ட்ஃப்ரை துரையை இல்லாத ஆளுன்னு சொன்னான். என்னைப் பொய்யன்னு சொன்னான். முதல்ல மன்னிப்புக் கேக்கட்டும்."

உன்னையும் நான் சும்மா விடப்போவதில்லை. இரண்டு வருஷத்துக்கு முந்திய கிறிஸ்மஸ் விருந்து, வீடு நிறைய ஆட்கள். அவர் தம்முடைய காட்டுப்பன்றிக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பத்து ஃபிரிங்கி கடற்கரை ஹோட்டலில் வரவேற்பு மேசையில் இருந்த காலத்தில், ஜெர்மன் துரை ஒருவர் இவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கெடா காட்டுக்கு வேட்டைக்குப் போனது. பன்றி பாய்ந்து வந்தது. துரை மரத்தில் ஏறிக்கொண்டது. இவர் சாண்ட்விச் தட்டால் அதன் மூக்கில் அடித்து விரட்டியது. துரை கண்கலங்கித் தம் வேட்டைக் கத்தியைக் கழற்றிக் கொடுத்தது. நாங்கள் எல்லாரும் நூறு தடவை கேட்டது. நீயும் பேசாமல் பிரியாணியைத் தின்றிருக்கலாம். "அத்தான், அது ஆள் பேரே இல்ல, அது வந்து..." என்று ஆரம்பித்தாய். அவர் உன்னை வாசல்வரை தள்ளிக்கொண்டு போனார். நீயும் கேக் தட்டோடு வெளியேறினாய், ஃபோன் நம்பரை மாற்றினாய். அந்தத் தட்டு ஆறு தட்டுச் செட்டில் ஒன்று. இன்னும் வரவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் கல்யாண வேலைக்காகச் சுவரைத் துடைக்கும்போது அந்தக் கத்தியை உறையிலிருந்து உருவிப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அலகில், பிடிக்குப் பக்கத்தில், ஒரு சின்னப் படம். அதன் கீழே சோலிங்கன் என்று ஒரு வார்த்தை. அதற்கும் கீழே, கொட்டை எழுத்தில், ரோஸ்ட்ஃப்ரை! துரையின் பெயரையே இரும்பில் பொறித்திருக்கிறார்கள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? நீ ஜெர்மன் கத்திகளைச் சேர்ப்பவன், உனக்கே தெரியும். எனவே ஒரு வரி மன்னிப்பு எழுதிப் போடு.

கடிதமாகவே எழுது. என் ஃபோனை அத்தான்தான் வைத்து விளையாடுகிறார். வருகிற செய்தியை எல்லாம் படிக்கிறார். ஆனால் அவர் இங்கிலீஷ் ஸ்கூல். தமிழில் எழுதினால் வேதாகமமே ஆனாலும் அவருக்குப் புரியாது.

அன்புடன்,
அக்கா

* * *

கெப்பாலா பத்தாஸ்
15 மார்ச் 2025

அன்பு அக்காவுக்கு,

லினெட் செய்தி படித்துக் கண் நிறைந்தது. வீட்டில் கிளாடிஸும் சந்தோஷப்பட்டாள். பிறகு, "உங்க அக்கா மறுபடி பேச ஆரம்பிச்சுட்டாங்களா, அப்ப அந்தத் தட்டைத் தேடணும்" என்றாள்.

அக்கா, உட்கார்ந்துகொண்டு படி. அன்றைக்கு முடிக்க விடாத வாக்கியத்தை இப்போது முடிக்கிறேன்.

அது ஆள் பேரே இல்லை, அது வந்து, 'துருப்பிடிக்காதது' என்பதற்கு ஜெர்மன் வார்த்தை.

எவர்சில்வர் பாத்திரத்தின் அடியில் 'ஸ்டெயின்லெஸ்' என்று அச்சிட்டிருப்பார்களே, அதேதான். ஜெர்மனியில் செய்த கரண்டியில் இருக்கும். நகவெட்டியில்கூட இருக்கும். சோலிங்கன் என்பது ஊர். கத்திக்குப் பேர்போன ஊர். அந்தப் பெயரை வேறு ஊர்க்காரன் தன் கத்தியில் போட்டால் சட்டப்படி குற்றம். அத்தானின் நண்பர் என்று நீ கண்டுபிடித்திருப்பது ஒரு உலோகத்தின் குணம். துரையே இல்லை என்றால் வேட்டையும் இல்லை. வேட்டை இல்லை என்றால் பன்றியும் இல்லை. ஆக, மன்னிப்பு நான் கேட்க வேண்டியதில்லை. எனக்கு வர வேண்டியது.

ஆனால் அந்தச் சின்னப் படம்! எந்த வருஷம், எந்தப் பட்டறை என்பதை எல்லாம் அதை வைத்துத்தான் சொல்வோம். ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு முத்திரை. எழுத்துத் தெரியாதவனும் பார்த்தால் அடையாளம் காண வேண்டும் என்பதற்காகப் பழைய காலத்திலிருந்தே விலங்கு, மரம், சாவி என்று வைத்துக்கொண்டார்கள். நீ கடிதத்தின் ஓரத்தில் வரைந்து அனுப்பியது பூனையா, தொப்பி போட்ட பல்லியா? அக்கா, நீ எப்படித்தான் பள்ளியில் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுத்தாயோ. ஒரு மெல்லிய தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து அனுப்பு. அலகின் மறுபக்கத்தையும் பார். இத்தனை வருஷமாக அவர் என்னை அந்தக் கத்தியைத் தொடவிட்டதில்லை. சுவரில் மாட்டிய உறையைப் பார்த்தே ஏங்கிக்கொண்டிருந்தவன் நான்.

அன்புடன்,
நாதன்

* * *

ஜார்ஜ்டவுன்
24 மார்ச் 2025

நாதா,

உன் கடிதத்தை மீன் கழுவிக்கொண்டே படித்தேன். மீன் கருகவில்லை, ஏனென்றால் அடுப்பில் போடவே மறந்துவிட்டேன்.

முதலில் உன்மேல்தான் கோபம் வந்தது. பிறகுதான் அவர்மேல். உனக்கு அப்போது வயது போதாது, அதனால் சொல்கிறேன். அப்பா முதலில் இவரை வேண்டாம் என்றுதான் சொன்னார். "ஹோட்டல்ல பெட்டி தூக்குறவனுக்கு என் மகளா?" என்றார். இவர் அடுத்த முறை வரும்போது இடுப்பில் இந்தக் கத்தியோடு வந்தார். பன்றிக் கதையைச் சொன்னார். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக் கேட்டார். "ஒரு வெள்ளைக்காரன் உயிரைக் காப்பாத்தினவன் என் மகளைக் காப்பாத்த மாட்டானா" என்று எழுந்து கைகொடுத்தார். ஆக, என் கல்யாணத்துக்குத் தரகர் எவர்சில்வர். இப்போது சிரிக்காதே.

நேரடியாகக் கேட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். மதியச் சாப்பாட்டில் உட்கார்ந்தோம். கத்தி அவருக்கு எதிர்ச்சுவரில், நான் துடைத்துவிட்டு உறையில் போடாமல் மாட்டிய நிலையில் இருந்தது.

"ஏங்க, அந்த ரோஸ்ட்ஃப்ரை துரைக்குக் கல்யாணம் ஆயிருந்துச்சா?"

சோற்றைப் பிசைந்த கை நின்றது. "ஆயிருந்துச்சே. ஏன்?"

"சும்மாதான். அந்தம்மா பேரு என்னாங்க?"

கண் மெல்லச் சுவர்ப்பக்கம் போனது. "ஹாண்டர்பீட்" என்றார். "மிஸஸ் ஹாண்டர்பீட். நல்ல உயரம். பாவம், காரம் ஒத்துக்காது."

"எந்த ஊர்க்காரங்க?"

"சோலிங்கன்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார், ஏதோ அங்கே பத்து வருஷம் வாடகைக்கு இருந்தவர் மாதிரி.

கை கழுவிவிட்டு வந்து கத்தியைப் பார்த்தேன். அவர் பார்வை பட்ட பக்கத்தில், அதாவது நீ பார்க்கச் சொன்ன மறுபக்கத்தில், ஹாண்டர்பீட் என்று இருக்கிறது. அது என்ன நாதா? அதுவாவது பெண் பெயர்தானா?

கோபம் வந்திருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சமையலறைக்குள் போய் முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டேன். சிரித்து முடித்த பிறகுதான் பயம் பிடித்தது. ஏனென்று கேள். ரயனின் மேலாளர் ஒரு ஜெர்மன் அம்மையார். அவரும் விருந்துக்கு வருகிறார். இது தெரிந்ததிலிருந்து உன் அத்தானுக்குத் தரையில் கால் பாவவில்லை. கேக்கை அந்தக் கத்தியால்தான் வெட்ட வேண்டுமாம். வெட்டுவதற்கு முன்னால் மைக்கைப் பிடித்து ரோஸ்ட்ஃப்ரை துரையின் கதையை ஆங்கிலத்தில் முழுதாகச் சொல்லப்போகிறாராம். "அந்தம்மாவுக்கு அவரைத் தெரிஞ்சிருந்தாலும் தெரிஞ்சிருக்கும்லாஹ், ஒரே நாடுதானே" என்கிறார்.

சம்பந்தி வீட்டார், பாதிரியார், பள்ளியில் என்னோடு வேலை செய்தவர்கள், இத்தனை பேர் முன்னால், ஒரு ஜெர்மன்காரி வாய்விட்டுச் சிரித்தால் லினெட் என்ன ஆவாள்? இவர் என்ன ஆவார்?

தேய்த்த தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். ஏதாவது வழி சொல்.

அக்கா

* * *

கெப்பாலா பத்தாஸ்
29 மார்ச் 2025

அக்கா,

ஹாண்டார்பைட் என்று வாசிக்க வேண்டும். 'கைவேலை' என்று அர்த்தம். இயந்திரத்தில் அடிக்காமல் கையால் செய்தது என்று பட்டறைக்காரன் பெருமையாகப் போட்டுக்கொண்டது. ஆக, திரு. துருப்பிடிக்காதவருக்கும் திருமதி கைவேலைக்கும் அத்தான் திருமணம் செய்துவைத்திருக்கிறார். அலகில் இன்னும் ரெண்டு வார்த்தை இருந்திருந்தால் பேரப்பிள்ளைகளுக்கு ஞானஸ்நானமும் கொடுத்திருப்பார்.

மன்னித்துக்கொள். இதை எழுதி முடிக்க நான் மூன்று முறை எழுந்து நடக்க வேண்டியிருந்தது. கிளாடிஸ் வந்து ஆஸ்துமாவா என்று கேட்டாள்.

நீ தேய்த்து அனுப்பிய தாளில் இருப்பது பல்லி இல்லை. சுத்தியலின் மேல் நிற்கும் சேவல். அக்கா, என்னிடம் இருக்கும் முத்திரைப் புத்தகங்கள் எதிலும் இந்தச் சேவல் இல்லை. சேவல் இருக்கிறது, சுத்தியல் இருக்கிறது; சேவல் சுத்தியல்மேல் இல்லை. தூக்கம் போய்விட்டது. பிடி மான்கொம்பா, அல்லது மான்கொம்பு போல் செய்த பிளாஸ்டிக்கா? பிடியில் பித்தளை ஆணி எத்தனை? கோபித்துக்கொள்ளாதே, இப்போது இதைக் கேட்கக்கூடாதுதான்.

வழி ஒன்றுதான். உண்மையைச் சொல்லிவிடு. "ஏங்க, அது பேர் இல்லையாம்" என்று மெதுவாக ஆரம்பி. என் பெயரைச் சொல்லாதே. டிக்‌ஷனரியில் பார்த்தேன் என்று சொல்.

நாதன்

* * *

ஜார்ஜ்டவுன்
12 மே 2025

நாதா,

நீ சொன்ன வழியை முயன்றேன். முடியவில்லை. "ஏங்க, அந்தக் கத்தியில..." என்று ஆரம்பித்தேன். உடனே அவர் பேச்சு ஒத்திகையை எழுந்து நின்று செய்துகாட்டினார். பன்றி இப்போது நாலு சக்கரக் கெரெத்தா அளவுக்கு வளர்ந்துவிட்டது. வெள்ளை முழுக்கைச் சட்டை, கையில் மைக்குக்குப் பதில் அகப்பை. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். என்னைப் பெண் கேட்டு வந்த அன்று பார்த்த அதே முகம்.

அதனால் கத்தியை ஒளித்தேன். அரிசிப் பீப்பாயில், அடியில். கத்தி இல்லாவிட்டால் கதை ஏது?

அவர் காலையில் சுவரைப் பார்த்தார். அடுத்த நொடி, "உன் தம்பிதான்!" என்றார். "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை லோரோங் கூலிட் சந்தைக்கு வர்றானே, இந்த வாசலைத் தாண்டித்தானே போறான், எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? பழைய இரும்புக்கு அலையறவன்! நான் போலீஸுக்குப் போறேன்!" சட்டையை மாட்டி, ஹெல்மெட்டையும் போட்டுவிட்டார். நான் என்ன செய்ய? அரிசிக்குள் கையைவிட்டு எடுத்து, "கல்யாண வீடு, ஆளுங்க வந்து போறாங்க, பத்திரமா இருக்கட்டும்னு வெச்சேன்" என்றேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டார். "உனக்கு இருக்கற அக்கறை உன் தம்பிக்கு இல்ல கேத்தி" என்றார்.

ஆனால் நாதா, நீ ஞாயிற்றுக்கிழமைதோறும் என் வாசலைத் தாண்டிப் போகிறாய் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். தலையைத் திருப்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாய்.

சரி, இப்போது கடைசி யோசனை. சந்தையில் கத்தரிக்கோல் சாணை பிடிக்கிற முஸ்தஃபாவிடம் கேட்டேன். "அந்த எழுத்தா அக்கா? கொண்டாங்க, சக்கரத்துல ரெண்டு இழுப்பு, இருந்த இடமே தெரியாது" என்றார். அத்தான் வெள்ளிக்கிழமை கோட்டு தைக்கக் கொடுக்கப் போகிறார். அந்த நேரத்தில் கொண்டுபோய்விடலாம் என்று இருக்கிறேன்.

அக்கா

* * *

கெப்பாலா பத்தாஸ்
14 மே 2025
கூரியரில்

அக்கா,

வேண்டாம்.

வேண்டாம், வேண்டாம், வேண்டாம். முஸ்தஃபாவின் சக்கரம் இருக்கும் வீதிப்பக்கமே அந்தக் கத்தியைக் கொண்டுபோகாதே. முத்திரை போன கத்தி அநாதை. பிறகு அது எங்கே பிறந்தது, யார் அடித்தது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. அத்தான் சொன்ன பொய்யை அழிக்க வேண்டுமென்றால் அத்தானைச் சாணை பிடி. சேவலைத் தொடாதே.

நான் வருகிறேன். நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: பிடிக்கும் அலகுக்கும் நடுவே, எழுத்தை மறைத்து, அகலமான வெள்ளை ரிப்பன் கட்டு. கல்யாணக் கத்திக்கு ரிப்பன் கட்டுவது வழக்கம்தான், யாரும் கேட்க மாட்டார்கள். என்னை அந்த ஜெர்மன் அம்மையார் பக்கத்தில் உட்கார வை. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

என்னை உள்ளே விட மன்னிப்பு வேண்டுமல்லவா? நேற்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதினேன். தனி உறையில் இருக்கிறது, அத்தானிடம் கொடு. பொய் எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால் இப்படி எழுதியிருக்கிறேன்: "ரோஸ்ட்ஃப்ரையின் இருப்பை நான் ஒருபோதும் மறுத்திருக்கக் கூடாது. எனக்கும் ரோஸ்ட்ஃப்ரையோடு நீண்டகாலப் பழக்கம் உண்டு. ரோஸ்ட்ஃப்ரையைப்போல் நம்பகமான துணை வேறில்லை." ஒவ்வொரு சொல்லும் உண்மை. பாதிரியார் என்ன, மேற்றிராணியார் முன்னிலையிலேயே சத்தியம் செய்வேன்.

வாசல் விஷயம்: தலையைத் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு ஞாயிறும். ஜன்னல் திரை மாற்றினாய், பச்சையிலிருந்து நீலத்துக்கு. பச்சைதான் நன்றாக இருந்தது.

நாதன்

* * *

ஜார்ஜ்டவுன்
20 மே 2025

நாதா,

கடிதத்தைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டு வாசித்தார். எழுந்து நின்று இன்னொரு தடவை வாசித்தார். "பார்த்தியா, இவனுக்கும் துரையைத் தெரியுமாம்! அப்பவே சொல்லித் தொலைச்சிருந்தா என்ன?" என்றார். பிறகு அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சுவரில், கத்திக்குக் கீழே ஒட்டியிருக்கிறார். வருகிறவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டுகிறார்.

நீ தலைமேசையில் உட்காருகிறாய். ஜெர்மன் அம்மையார் உன் வலதுபக்கம். கோட்டு போட்டுக்கொண்டு வா. லினெட் உன் பெயரைக் கேட்டதும் அழுதாள். மேக்கப் ஒத்திகை வீணாகிவிட்டது.

திரையைப் பற்றி உன்னை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் பச்சையை மறுபடி மாட்டியிருக்கிறேன்.

தட்டை மறக்காதே.

அக்கா

* * *

கெப்பாலா பத்தாஸ்
17 ஜூன் 2025

அன்பு அக்கா,

லினெட்டும் ரயனும் லங்காவி போய்ச் சேர்ந்ததாகச் செய்தி அனுப்பினார்கள். நீயோ ஃபோனில், "நடந்தது என்னடா, இவர் சொல்றதை நம்பவே முடியல" என்று கிசுகிசுத்தாய். அதற்குள் அத்தான் ஃபோனை வாங்கிக்கொண்டார். அவர் மைக்கைக் கையில் எடுத்ததும் நீ மண்டபத்துச் சமையலறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாய் அல்லவா? காதையும் பொத்திக்கொண்டாய் என்று பரிமாற வந்த நோர்மா சொன்னார். ஆகவே எழுதுகிறேன். எல்லாம் என் கண்முன் நடந்தது.

அந்த அம்மையாரை நீ பார்த்தாய். ஆறடி உயரம், காஞ்சிபுரம் சேலை, கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே. லினெட்டின் தோழிகள் கட்டிவிட்டது. நான் திட்டப்படி அவரோடு பேச்சை வளர்த்துக்கொண்டிருந்தேன். பினாங்கு வெயில், நாசி கண்டார் சாப்பாடு, பாலத்து நெரிசல். அத்தான் கதையைத் தொடங்கினார். நன்றாகவே சொன்னார் அக்கா. பன்றி பாய்ந்த இடத்தில் பாதிரியார் நாற்காலியை இறுகப் பிடித்தார். சாண்ட்விச் தட்டு மூக்கில் விழுந்த இடத்தில் மண்டபமே கைதட்டியது. "என் உயிர் நண்பர், மிஸ்டர் ரோஸ்ட்ஃப்ரை!" என்றார்.

அம்மையாரின் கரண்டி நின்றது. "யார்?" என்று என்னைக் கேட்டார்.

"இருமல் மருந்து வேண்டுமா?" என்றேன். அவர் இருமவே இல்லை.

அதற்குள் அத்தான், கத்தியைத் தட்டில் வைத்து நேராக அவரிடமே கொண்டுவந்துவிட்டார். "மேடம், உங்க நாட்டுக்காரர் கொடுத்தது. நீங்க தொட்டு ஆசீர்வதிக்கணும்." அம்மையார் கையில் எடுத்தார். ரிப்பனை ஒதுக்கினார். பழக்கப்பட்ட கை. எடையைப் பார்த்தார், அலகைச் சாய்த்தார், ஒரு பக்கம் வாசித்தார், மறுபக்கம் வாசித்தார். உதடு ஒருமுறை துடித்தது. என்னைப் பார்த்தார்.

அக்கா, அந்த ஒரு நொடியில் நான் யோசித்ததைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷமாக நான் சொன்னதுதான் சரி. இதோ சொந்த ஊர்ச் சாட்சி, கைக்கு மைக் எட்டும் தூரத்தில். நான் வாயைத் திறக்க வேண்டியதுகூட இல்லை. சும்மா இருந்தாலே போதும், அத்தான் விழுந்துவிடுவார். அவரைப் பார்த்தேன். புதுக்கோட்டு, நெற்றியில் வேர்வை. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கக் கை நீட்டிய பிள்ளை மாதிரி நின்றார். மேடையில் லினெட், அப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் குனிந்து அம்மையாரின் காதில் சொன்னேன்: "மேடம், அந்தப் பெயரை நம்பித்தான் இவருக்குப் பெண் கொடுத்தார்கள். அந்தப் பெண் என் அக்கா. முப்பது வருஷமா நல்லா வாழ்றாங்க. தயவுசெய்து."

அம்மையார் கத்தியைத் தட்டில் வைத்தார். எழுந்தார். சேலை முந்தானையைத் தோளில் போட்டுக்கொண்டு மைக்கை வாங்கினார்.

"ரோஸ்ட்ஃப்ரை குடும்பத்தை எனக்கு நன்றாகத் தெரியும்" என்றார்.

மண்டபம் அடங்கிப்போனது.

"எங்கள் வீட்டில் அவர்கள் நிறையப் பேர். ஜெர்மனியில் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள். ஆடம்பரம் இல்லாதவர்கள். தினமும் உழைப்பவர்கள். தண்ணீர் பட்டாலும், புளி பட்டாலும், ஒருநாள் கழுவாமல் விட்டுவிட்டாலும் கெட்டுப்போக மாட்டார்கள். லினெட், ரயன், உங்கள் கல்யாணமும் ரோஸ்ட்ஃப்ரையாக இருக்கட்டும்!"

குவளையை உயர்த்தினார். "ரோஸ்ட்ஃப்ரை!" என்று பாதிரியார் எழுந்தார். சம்பந்தி எழுந்தார். நானூறு பேர் ஒரே குரலில் "ரோஸ்ட்ஃப்ரை!" என்று கத்தினார்கள். நீ சமையலறையில் கேட்ட சத்தம் அதுதான். தீப்பிடித்துவிட்டது என்று நினைத்தாயாமே. யார் சத்தமாகக் கத்தியது என்று உனக்குச் சந்தேகம் இருந்தால், என் தொண்டை இன்னும் கட்டியிருக்கிறது.

அத்தான் அழுதுகொண்டே என்னைக் கட்டிப்பிடித்தார். "பார்த்தியாடா தம்பி, நிறையப் பேர் இருக்காங்களாம்!" என்றார். "ஆமா அத்தான்" என்றேன். பிறகு அவராகவே கத்தியை என் கையில் கொடுத்தார். முதல் தடவை. கேக் கிரீமைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். மான்கொம்புதான். சேவல் தெளிவாக நின்றுகொண்டிருந்தது. எந்தப் பட்டறை என்று இன்னும் தெரியவில்லை. அம்மையாருக்கும் தெரியவில்லை. தெரியாமலே இருக்கட்டும் என்று முதல் தடவையாகத் தோன்றியது; வீடு வந்து சேர்வதற்குள் அந்த எண்ணம் போய்விட்டது. இன்று மறுபடி புத்தகத்தை எடுத்துவிட்டேன்.

நாதன்

* * *

ஜார்ஜ்டவுன்
1 ஜூலை 2025

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை வாசித்தேன். நீ அந்த அம்மையார் காதில் சொன்னதை மட்டும் இன்னும் இரண்டு தடவை. அப்பா இருந்திருந்தால் உன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டியிருப்பார். அது அவருடைய முத்தம்.

நேற்று ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மதியம் தபால்காரர் ஒரு பார்சல் கொண்டுவந்தார். ஜெர்மன் அம்மையார் அனுப்பியது. பெண்ணைப் பெற்றவர்களுக்கு அன்பளிப்பாம். அத்தான்தான் பிரித்தார். மரப்பெட்டிக்குள், வெல்வெட்டில் பதித்து, ஆறு சமையல் கத்திகள். காய் வெட்ட, மீன் வெட்ட, ரொட்டி அறுக்க, தோல் சீவ என்று பெரியதிலிருந்து சிறியதுவரை வரிசையாக. பளபளவென்று கண்ணைப் பறித்தது. நான் எட்டிப் பார்த்தேன்.

ஒவ்வொரு அலகிலும், ஒரே இடத்தில், ஒரே எழுத்தில், ரோஸ்ட்ஃப்ரை.

பாவி அம்மையார், மண்டபத்தில் மறைத்ததைப் பெட்டியில் போட்டு வீட்டுக்கே அனுப்பிவிட்டாரே! அதை உணராமல் அனுப்பினாரா, உணர்ந்தே அனுப்பினாரா, எனக்குத் தெரியாது. அத்தான் முதல் கத்தியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். வைத்தார். இரண்டாவதை எடுத்தார். ஆறையும் பார்த்து முடித்தார். தலை குனிந்தே இருந்தது. சுவரில் இருந்த பழைய கத்தியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி குனிந்தார்.

'பரவாயில்லைங்க' என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். எத்தனையோ நாள் இந்த நேரத்தை நினைத்து நான் ஒத்திகை பார்த்திருக்கிறேன். கேலி செய்வேன், சண்டை போடுவேன், அப்பாவின் படத்தைக் காட்டிக் கேட்பேன் என்றெல்லாம். அந்தத் தலை குனிந்திருந்ததைப் பார்த்ததும் எல்லாம் போய்விட்டது. பக்கத்தில் போய் அவர் தோளில் கைவைத்தேன்.

தோள் குலுங்கியது. அழுகிறார் என்றே நினைத்தேன்.

"கேத்தி" என்றார், தலையை நிமிர்த்தாமல். "குடும்பத்தோட வந்துட்டாங்க."

"யாருங்க?"

"அப்பா, அம்மா, நாலு பிள்ளைங்க." கடைசிச் சின்னக் கத்தியைத் தூக்கிக் காட்டினார். "இது கைக்குழந்தைபோல."

அப்புறம்தான் அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணெல்லாம் தண்ணீர். வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரிக்கிறார், நாதா. அடக்க முடியாமல், மூச்சு முட்டி, மேசையைத் தட்டிச் சிரிக்கிறார். எனக்கும் பற்றிக்கொண்டது. இருவரும் நாற்காலியில் உட்கார முடியாமல் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். பக்கத்து வீட்டு ரொஸ்னா, "கேத்தரின், ஓகே ஆ?" என்று கதவைத் தட்டும் அளவுக்குச் சிரித்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் மறுபடி தொடங்கிவிடுகிறது.

அவர்தான் முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அந்தக் கைக்குழந்தையை எடுத்துக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போனார். மருமகனிடம் கற்றுக்கொண்டாரோ என்னவோ, கூடையிலிருந்து வெங்காயத்தை எடுத்து உரித்து வெட்ட ஆரம்பித்தார். கோணல்மாணலாகத்தான் வெட்டினார். "ஞாயித்துக்கிழமை உன் தம்பியைச் சாப்பிட வரச் சொல்லு. கிளாடிஸையும் கூட்டிக்கிட்டு வரட்டும்" என்றார். அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டு, முதுகைக் காட்டிக்கொண்டே சேர்த்தார்: "ஒண்ணும் விளக்க வேணாம்னு சொல்லு. சாப்பிட மட்டும் வரட்டும்."

வா. காட்டுப்பன்றிக் கறி சமைக்கிறோம், சந்தையில் வாங்கியது.

அக்கா